அலுவலகக் கணினிகளின் காவல்: ஆன்ட்டி வைரஸ் நிர்வாகம் வளர்ந்த வரலாறு

ஒரு நிறுவனத்தின் எல்லாக் கணினிகளிலும் ஆன்ட்டி வைரஸ் மென்பொருளை நிறுவுவது, அதற்கான விதிகளை வகுப்பது, அப்டேட் கடைசிக் கணினி வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, அந்த மென்பொருளே முரண்டு பிடித்தால் வழிக்குக் கொண்டுவருவது ஆகியவை இன்று ஐடி துறையில் ஒரு முழுநேரத் தொழில். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு வேலையே கிடையாது. இதன் வரலாறு வழக்கமாக வைரஸ்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வைரஸ்களுக்குக் கவர்ச்சியான பெயர்களும் தேதிகளும் இருப்பதால் அப்படி எழுதுவது எளிது. ஆனால் சிஸ்டம் அட்மின்களின் பொழுதைத் தின்றவை பெரும்பாலும் வேறு: கணக்கில் வராத கணினி, பாதியில் நின்ற அப்டேட், காவல் மென்பொருள் தானே செய்த பிழை.

தானாகப் பரவும் நிரல் முதலில் ஆய்வுக்கூடங்களில்தான் தோன்றியது. 1971இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பாப் தாமஸ் எழுதிய க்ரீப்பர், அர்ப்பாநெட் வழியாக ஒரு பிடிபி-10 கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அதைத் துரத்தி அழிக்க ரே டாம்லின்சன் ரீப்பர் என்ற நிரலை எழுதினார். 1983 நவம்பரில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஃப்ரெட் கோஹன், யூனிக்ஸ் இயங்கிய ஒரு வாக்ஸ் கணினியில் வைரஸை ஓடவிட்டுக் காட்டினார். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு மணி நேரத்துக்குள் கணினியின் முழு அதிகாரமும் வைரஸின் கைக்குப் போனது. கோஹன் இன்னொன்றையும் கணித முறையில் நிறுவினார்: எல்லா வைரஸ்களையும் தவறின்றிக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது. பின்னால் வந்த ஆன்ட்டி வைரஸ் எதுவும் இந்த முடிவைத் தாண்டவில்லை. சிலவற்றைத் தவறவிட வேண்டும், அல்லது குற்றமற்ற கோப்பின் மேல் பழி போட வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க வழியில்லை.

அலுவலக மேசைகளுக்கு வைரஸ் வந்தது ஃப்ளாப்பி டிஸ்க் வழியாக. 1986இல் லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன், கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதியான ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் உட்கார்ந்துகொண்டு, கடையின் முகவரியையும் தொலைபேசி எண்களையும் உள்ளே வைத்திருந்தது. பூட் செக்டாரை யாராவது படித்துப் பார்க்க முயன்றால், ஒளித்து வைத்திருந்த பழைய நல்ல பிரதியைக் காட்டிவிடும். அடுத்த ஆண்டு ஜெருசலேமில் கண்டறியப்பட்ட வைரஸ் நிரல் கோப்புகளில் ஒட்டிக்கொண்டது. ஒரே கோப்பை அது மீண்டும் மீண்டும் தொற்றியதால் கோப்பு வீங்கி, கணினி மந்தமானது. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தால், இயக்கும் நிரல்களை எல்லாம் அழித்தது.

அந்நாளில் வைரஸ் ஒழிப்பு என்பது கையால் செய்யும் வேலை. தொற்றில்லாத, எழுத முடியாதபடி பூட்டிய ஃப்ளாப்பி ஒன்றிலிருந்துதான் கணினியைத் தொடங்க வேண்டும். கணினி தன் வட்டிலிருந்தே எழுந்தால் வைரஸும் சேர்ந்து எழும். பிரெய்ன் போன்றவை எழுந்துவிட்டால் தங்களை மறைத்துக்கொள்ளும். ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் ஓரத்திலிருந்த வெட்டை ஒரு சிறு ஸ்டிக்கரால் மூடினால் அதில் எதையும் எழுத முடியாது. அப்படிப் பூட்டிய ஃப்ளாப்பி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனவரே இந்தத் தொழிலின் மூதாதை. அவருக்கென்று தனிப் பதவி எதுவும் இல்லை. பிரின்டரில் காகிதம் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மென்பொருள் வணிகம் வேகமாக உருவானது. 1987இல் ஜெர்மனியின் ஜி டேட்டா அட்டாரி கணினிகளுக்கு ஒரு வைரஸ் ஒழிப்பானை விற்றது. அதே ஆண்டு செக்கோஸ்லோவாகியாவில் நாட் என்ற ஆன்ட்டி வைரஸ் உருவானது. கலிஃபோர்னியாவில் ஜான் மெக்காஃபி நிறுவனம் தொடங்கினார். மோடம் வைத்திருப்பவர்கள் அவருடைய புல்லட்டின் போர்டிலிருந்து ஸ்கேனரை இறக்கிக்கொள்ளலாம். நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். பிரிட்டனில் ஆலன் சாலமன், ஐஸ்லாந்தில் ஃப்ரித்ரிக் ஸ்கூலசன், மாஸ்கோவில் யூஜீன் காஸ்பர்ஸ்கி எனப் பலரும் ஓரிரு ஆண்டு இடைவெளியில் இறங்கினார்கள். மென்பொருளாளர் பீட்டர் நார்ட்டன் 1988இல் வைரஸ் என்பது நியூயார்க் சாக்கடையில் முதலை இருப்பதாகச் சொல்லும் கட்டுக்கதையைப் போன்றது என்று ஒதுக்கியதாகப் பதிவு உண்டு. 1991இல் அவர் பெயரையே தாங்கிய ஆன்ட்டி வைரஸை சைமன்டெக் நிறுவனம் விற்கத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் சென்னையில் கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், பின்னாளில் ஜப்பானியச் சந்தையில் பெரிய அளவில் விற்பனையான ஒரு பொருளுக்கு எஞ்சினைத் தந்தது. புனேயில் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் தம்பி சஞ்சய் கட்கரும் குவிக் ஹீலை உருவாக்கினார்கள். கணினி பழுதுபார்ப்பவரின் கைக்கருவியாகப் பிறந்த மென்பொருள் அது. இந்தத் துறையின் வேர் எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இவை எல்லாமே அடிப்படையில் ஒரே முறையில் இயங்கின. ஒவ்வொரு வைரஸிலும் மாறாமல் இருக்கும் பைட் வரிசையைக் குறித்துவைத்து, அந்த அடையாளத்தைக் கோப்புகளில் தேடின. அடையாளங்களின் தொகுப்பு டெஃபினிஷன் கோப்பு எனப்பட்டது. ஆரம்பத்தில் அது மாதத்துக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ ஃப்ளாப்பியில் தபாலில் வரும். அந்த வேகம் அப்போது போதுமானதாகவே இருந்தது. வைரஸும் ஃப்ளாப்பியில் ஏறித்தான் ஊர் சுற்ற வேண்டும். முறையின் பலவீனத்தைப் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து டார்க் அவெஞ்சர் என்ற புனைபெயரில் எழுதியவர் வெளிப்படுத்தினார். 1992இல் அவர் வெளியிட்ட மியூட்டேஷன் எஞ்சின், எந்த வைரஸையும் ஒவ்வொரு தொற்றிலும் வேறு வடிவம் எடுக்க வைத்தது. நிலையான பைட் வரிசை இல்லாத எதிரியைப் பிடிக்க, சந்தேகத்துக்குரிய நிரலைப் போலிச் சூழலில் ஓடவிட்டுப் பார்க்கும் முறை வந்தது. ஸ்கேனர் கனத்தது, கணினி வேகம் குறைகிறது என்ற புகாரும் அப்போதே தொடங்கிவிட்டது.

அதே 1992இன் மார்ச் 6 அன்று மைக்கேலாஞ்சலோ என்ற வைரஸ் வட்டுகளை அழிக்கும் என்று உலகமே அஞ்சியது. 50 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்ற கணிப்பு செய்தித்தாள்களில் ஓடியது. உண்மையில் தரவு இழந்தவை பத்தாயிரம், இருபதாயிரம் என்ற அளவில் நின்றன. பீதியால் ஆன்ட்டி வைரஸ் வாங்கியவர்கள் தொற்றைக் கண்டுபிடித்து நீக்கியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், நிறுவனங்களின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆன்ட்டி வைரஸுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய அந்த ஆண்டிலிருந்துதான்.

கணினிகள் வலையமைப்பில் இணைந்தபோது மேசை மேசையாகப் போவது கட்டுப்படியாகவில்லை. நாவெல் நெட்வேர் சர்வர்களில் இயங்கும் ஆன்ட்டி வைரஸ்கள் வந்தன. ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் இன்டெல்லின் பெயரில் விற்பதற்காக அப்படியொன்றைச் செய்து கொடுத்தது. லேன்டெஸ்க் வைரஸ் புரொடெக்ட் என்ற அந்த இன்டெல் வரிசை 1998இல் சைமன்டெக்கின் கைக்கு மாறி, அதன் நிறுவனப் பதிப்புக்கு அடித்தளமானது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அந்த ஆன்ட்டி வைரஸின் அமைப்புகள் பல ஆண்டுகளுக்கு இன்டெல், லேன்டெஸ்க் என்ற பெயர்களின் கீழேயே கிடந்தன. பழுதைத் தேடி ரெஜிஸ்ட்ரியைத் திறந்த புது அட்மின், சைமன்டெக் என்ற பெயரில் எதையும் காணாமல் திகைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மென்பொருள் வணிகத்தில் நிறுவனம் கைமாறுவது ஒரு நாளில் முடிந்துவிடும். உள்ளே இருக்கும் பெயர்ப்பலகையை மாற்றப் பத்தாண்டு ஆகும்.

இந்தத் தலைமுறையின் முக்கியப் புதுமை கன்சோல். ஒரு சர்வர் தாய். அதன் கீழ் நூற்றுக்கணக்கான கணினிகள். தாய் சர்வர் இணையத்திலிருந்து டெஃபினிஷனை ஒருமுறை இறக்கி, மற்றவற்றுக்குப் பகிரும். எந்த நேரத்தில் ஸ்கேன், தொற்றிய கோப்பைச் சுத்தப்படுத்துவதா குவாரன்டைனில் வைப்பதா, பயனர் ஆன்ட்டி வைரஸை நிறுத்த முடியுமா முடியாதா என்ற விதிகள் எல்லாம் அங்கிருந்தே இறங்கும். சைமன்டெக்கில் ஜிஆர்சி என்ற சிறு கோப்பு இந்த விதிகளைச் சுமந்தது. தவறான சர்வருக்குப் பிள்ளையாகிவிட்ட கணினியைச் சரியான சர்வருக்கு மாற்ற, அந்தக் கோப்பை நகல் எடுத்து வைத்தால் போதும். மெக்காஃபியின் ஈபாலிசி ஆர்கெஸ்ட்ரேட்டர், ட்ரெண்ட் மைக்ரோவின் ஆபீஸ்ஸ்கேன் ஆகியவையும் ஏறத்தாழ இதே வழியில் வளர்ந்தன. கணினியின் முன்னால் உட்காராமலேயே அதன் காவலைக் கவனிக்கும் அட்மின் இப்படித்தான் உருவானார். அதோடு ஒரு புதிய கவலையும் சேர்ந்தது: கன்சோலில் தெரியும் கணினிகளின் எண்ணிக்கையும் கட்டடத்தில் இருக்கும் கணினிகளின் எண்ணிக்கையும் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை.

கன்சோல்களின் தேவையை உறுதிசெய்தவை மின்னஞ்சல் வைரஸ்கள். 1995இல் வந்த கான்செப்ட், வேர்டு ஆவணத்திலும் வைரஸ் ஒட்ட முடியும் என்று காட்டியது. 1999 மார்ச்சில் மெலிஸ்ஸா, பெற்றவரின் முகவரிப் புத்தகத்திலிருந்து முதல் ஐம்பது பேருக்குத் தன்னை அனுப்பியது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் போனது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மின்னஞ்சல் சேவையை நிறுத்திவைத்தது. எழுதியவரைத் தண்டிக்கப் பிலிப்பைன்ஸில் அப்போது சட்டம் இல்லை. மாதாந்திர டெஃபினிஷன் என்ற நடைமுறை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முதலில் வாரம் ஒருமுறை, பிறகு தினமும், அதன் பிறகு ஒரே நாளில் பலமுறை என்று அப்டேட்டின் இடைவெளி குறுகியது. அவசரத்தின் விலையைத் துறை கொஞ்சம் கழித்தே உணர்ந்தது.

2001 முதல் 2004 வரை வந்த புழுக்கள் பல, யாரும் எதையும் சொடுக்காமலே பரவின. 2003 ஜனவரி 25 அன்று வந்த ஸ்லாம்மரின் நீளம் 376 பைட்தான். தொடக்கத்தில் எட்டரை நொடிக்கு ஒருமுறை இரட்டித்து, பத்து நிமிடத்தில் தான் தொற்றக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றை அடைந்தது. அது கோப்பாக வட்டில் இறங்காமல் நினைவகத்திலேயே இருந்ததால், கோப்புகளைத் தேடும் ஆன்ட்டி வைரஸுக்கு அங்கே வேலையே இல்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர், கணினி 60 நொடியில் அணைந்துவிடும் என்ற அறிவிப்போடு அலுவலகங்களைத் திணறடித்தது. பேட்ச் இறக்குவதற்குள் கணினி அணைந்துவிடும். ஆகவே முதலில் அந்தக் கவுன்ட்டவுனை நிறுத்தும் கட்டளையை அடிக்க வேண்டும் என்பதை அட்மின்கள் தொலைபேசியிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாயைப் பேட்ச் நாளாக்கியது. 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே இயக்கத்தில் வைத்தது.

ஆன்ட்டி வைரஸ் மட்டும் போதாது என்றான பிறகு ஃபயர்வால், ஊடுருவல் தடுப்பு, யுஎஸ்பி கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒரே பொதியில் கட்டி எண்ட்பாயின்ட் பாதுகாப்பு என்ற பெயரில் விற்றார்கள். 2005இல் சைகேட் நிறுவனத்தை வாங்கிய சைமன்டெக், 2007இல் எண்ட்பாயின்ட் புரொடெக்ஷன் 11 என்ற பதிப்பை வெளியிட்டது. பழைய கன்சோலைப் பழகியவர்களுக்கு அது முற்றிலும் புதிய உலகம். திரையின் ஓரத்தில் மஞ்சள் கேடயம். அதன் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் கணினி மேலாண்மை சர்வரோடு பேசுகிறது என்று பொருள். புள்ளி காணாமல் போனால் சைலிங்க் என்ற கோப்பைப் பார்க்க வேண்டும். எந்த சர்வரை, எந்த போர்ட்டில், எந்தச் சான்றிதழோடு அணுகுவது என்பது அதில்தான் இருந்தது. சர்வரை மாற்றி, பழைய சான்றிதழைப் பத்திரப்படுத்தாமல் விட்டவர் ஆயிரம் கணினிகளுக்கு அந்தக் கோப்பை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது.

பழுதுபார்க்கும் கலை இந்த ஆண்டுகளில் தனி அறிவாகத் திரண்டது. அதன் பாடங்கள் எந்த நிறுவனத்தின் பொருளுக்கும் பொருந்துபவை. முதலாவது, இரட்டை அடையாளம். ஒரு கணினியில் விண்டோஸையும் ஆன்ட்டி வைரஸையும் நிறுவி, அதை அப்படியே ஐம்பது கணினிகளுக்கு நகலெடுத்தால், கன்சோலோடு பேசும் பகுதியான ஏஜென்ட்டின் அடையாள எண்ணும் ஐம்பதுக்கும் ஒன்றாகிவிடும். கன்சோலில் ஒரே ஒரு கணினி தெரியும்; சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். நகலெடுக்கும் முன் அந்த எண்ணை அழிக்க வேண்டும் என்பது எழுதிவைத்த விதிதான், ஆனாலும் ஒருமுறை பட்டுத்தான் பலர் அதைக் கற்றார்கள்.

இரண்டாவது, விலக்குப் பட்டியல். தரவுத்தளக் கோப்புகளையும் மெயில் சர்வரின் சேமிப்பையும் ஸ்கேன் செய்தால் காவலே சேதமாக முடியும். எக்ஸ்சேஞ்ச் 2000 சர்வரில் எம் என்ற எழுத்தில் தெரிந்த டிரைவை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரித்தது. மீறியவர்களின் நாட்காட்டிப் பதிவுகள் காணாமல் போயின. அதே நேரம், ஒவ்வொரு மென்பொருள் விற்பனையாளரும் தன் கோப்புறையை விலக்கச் சொல்லிக் கேட்க, பட்டியல் நீண்டு கோட்டையில் ஓட்டைகள் விழுந்தன. விலக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. கொடுத்தவர் வேலை மாறிப் போயிருப்பார். நீக்கினால் என்ன உடையுமோ என்ற பயத்தில் அடுத்தவர் அதைத் தொடமாட்டார். ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு நிலையை அறிய எந்தத் தணிக்கை அறிக்கையையும்விட அதன் விலக்குப் பட்டியல் நேர்மையான ஆவணம்.

மற்றவை சிறியவை. ஒரே கணினியில் இரண்டு ஆன்ட்டி வைரஸ்கள் இருந்தால் ஒன்றின் கோப்பை மற்றது பிடித்துக்கொண்டு இரண்டும் உறையும். பழையதை முழுதாக நீக்கத் தனிக் கருவிகள் வேண்டியிருந்தன, ஏனென்றால் தன்னை யாரும் நீக்கிவிடக் கூடாது என்றே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. மெய்நிகர் மேசைக்கணினிகள் பரவியபோது, ஒரே சர்வரில் இருந்த நூறு கணினிகளும் ஒரே நிமிடத்தில் ஸ்கேனைத் தொடங்கிச் சேமிப்பகத்தைத் திணறடித்தன. ஆன்ட்டி வைரஸ் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று பார்க்க எய்கார் சோதனைக் கோப்பு உதவியது: 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத அதை வைரஸ் என்று அறிவிக்க எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்டிருந்தன.

இந்த அறிவுக்கெல்லாம் வந்த பரீட்சை 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற புழு. அது விண்டோஸ் ஓட்டை வழியாகவும், யுஎஸ்பி டிரைவின் ஆட்டோரன் வழியாகவும், எளிய கடவுச்சொற்களை ஊகித்தும் நுழைந்தது. பல இடங்களில் முதல் அறிகுறி ஆன்ட்டி வைரஸ் எச்சரிக்கையாக வரவில்லை; தங்கள் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது என்று ஊழியர்கள் வரிசையாக ஹெல்ப்டெஸ்கை அழைத்தார்கள். கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகளே கணக்குகளைப் பூட்டின. தொற்றிய கணினியால் ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்க முடியாது. அவற்றின் பெயர்களைக் கான்ஃபிக்கர் தடுத்து வைத்திருந்தது. 2009இன் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் வலையமைப்பும் பாதிக்கப்பட்டது. இங்கும் பேட்ச் முன்பே, 2008 அக்டோபரில், வந்துவிட்டது. ஆயிரம் கணினிகளைச் சுத்தம் செய்தாலும், கன்சோலில் இல்லாத ஒரு கணினி போதும், எல்லாவற்றையும் மறுபடி தொற்ற.

இத்தனையும் வெளியிலிருந்து வந்தவை. வேகமான அப்டேட்டின் விலை உள்ளிருந்து வந்தது. 2005 ஏப்ரலில் ட்ரெண்ட் மைக்ரோவின் ஒரு டெஃபினிஷன் எக்ஸ்பி கணினிகளின் செயலியை முழுதாக விழுங்கி, ஜப்பானில் ரயில் நிறுவனத்தையும் செய்தி நிறுவனங்களையும் முடக்கியது. 2007 மே மாதம் சைமன்டெக்கின் அப்டேட் எளிய சீன எழுத்து விண்டோஸின் இரண்டு அடிப்படைக் கோப்புகளை வைரஸ் என்று நீக்க, சீனாவில் கணினிகள் எழவே மறுத்தன. 2010 புத்தாண்டு அன்று சைமன்டெக்கின் மேலாண்மை சர்வர் வேறொரு கோளாறைக் காட்டியது: 2009 டிசம்பர் 31க்குப் பிந்தைய தேதியிட்ட டெஃபினிஷன்களை எல்லாம் பழையவை என்று தள்ளியது. திருத்தம் தயாராகும் வரை நிறுவனம் ஒரு வழி கண்டது. புதிய டெஃபினிஷன்கள் எல்லாமே டிசம்பர் 31 என்ற தேதியோடு, திருத்த எண் மட்டும் ஏறிக்கொண்டு, ஜனவரியில் வெளிவந்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன் சொந்த அப்டேட்டரையே தீய நிரல் என்று பிடித்தது. அப்டேட்டர் முடங்கியதால் திருத்தத்தை அனுப்பும் வழியும் அடைபட்டது.

இவற்றில் பெரியது 2010 ஏப்ரல் 21 அன்று நடந்தது. மெக்காஃபியின் 5958ஆம் எண் டெஃபினிஷன், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பை வைரஸ் என்று தீர்ப்பளித்தது. விண்டோஸின் பல சேவைகளைத் தாங்கும் கோப்பு அது. நீக்கப்பட்டதும் கணினி வலையமைப்பை இழந்து, மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தது. அமெரிக்க மருத்துவமனைகள், ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் பல்பொருள் அங்காடிகள், இன்டெல் எனப் பல இடங்கள் முடங்கின. சில மணி நேரத்தில் அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வலையமைப்பு இல்லாத கணினிக்குக் கன்சோலிலிருந்து எதையும் அனுப்ப முடியாதே. சேஃப் மோடில் தொடங்கி, நல்ல கணினி ஒன்றிலிருந்து கோப்பைக் கொண்டுவந்து வைக்க, அட்மின்கள் 1988ஐப் போலவே மேசை மேசையாக நடந்தார்கள். வெளியிடும் முன் நடந்த சோதனையில் அந்தக் குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்பும் ஆன்ட்டி வைரஸ் பதிப்பும் சேர்ந்த கணினி இடம்பெறவில்லை என்று மெக்காஃபி ஒப்புக்கொண்டது. கவனமான அட்மின்கள் இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்: அப்டேட்டை முதலில் ஒரு சிறு குழுவுக்கு மட்டும் அனுப்பி, சில மணி நேரம் பொறுத்த பிறகே மற்றவற்றுக்குத் திறந்துவிடுவது.

காவல் மென்பொருளே தாக்குதலின் வாசலாவதும் நடந்தது. 2006 மே மாதம் சைமன்டெக்கின் நிறுவனப் பதிப்பில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தம் உடனே வந்தும், அதைப் போடாதவர்களை ஆண்டின் இறுதியில் ஒரு புழு தாக்கியது. விண்டோஸ் பேட்ச்களை ஒழுங்காகப் போட்டவர்கள்கூட ஆன்ட்டி வைரஸுக்கும் பேட்ச் வேண்டும் என்பதை நினைக்கவில்லை. 2016 ஜூனில் கூகுளின் டாவிஸ் ஆர்மண்டி வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது: சைமன்டெக் எஞ்சின் சுருக்கப்பட்ட கோப்புகளை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே பிரித்துப் பார்த்தது. பெறுபவர் திறக்காத மின்னஞ்சலே போதும், அதை ஸ்கேன் செய்யும் செயலே கணினியைத் தாக்குபவரிடம் ஒப்படைத்துவிடும். கெர்னலை மூடிவிட மைக்ரோசாஃப்ட் விஸ்டா காலத்திலேயே முயன்றிருந்தது. 64 பிட் விண்டோஸில் கெர்னலைத் திருத்தவிடாத காப்பு வந்தபோது, பாதுகாப்பு நிறுவனங்கள் தங்கள் தொழிலை நசுக்கும் முயற்சி என்று 2006இல் கூச்சலிட்டன. மெக்காஃபி முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது. கெர்னலைத் திருத்துவது தடைபட்டாலும், கெர்னலில் டிரைவராக அமரும் உரிமை அவர்களுக்குத் தொடர்ந்தது.

2010இல் பெலாரஸின் சிறு நிறுவனமான வைரஸ்பிளாக்அடா, ஈரானிய வாடிக்கையாளர் ஒருவரின் கணினிகள் காரணமின்றி அணைந்து எழுவதை ஆராயப் போய் ஸ்டக்ஸ்நெட் என்ற புழுவைக் கண்டெடுத்தது. வழக்கமான ஒரு பழுதுபார்ப்புப் புகார் அது. எந்த ஆன்ட்டி வைரஸும் அதுவரை அதைப் பிடிக்கவில்லை. அடையாளம் தேடும் முறையின் காலம் முடிகிறது என்ற பேச்சு வலுத்தது. 2014இல் சைமன்டெக்கின் உயர் அதிகாரி பிரையன் டை ஆன்ட்டி வைரஸ் செத்துவிட்டது என்றே பேட்டியளித்தார். கணினியில் நடக்கும் ஒவ்வொரு செயலையும் பதிவுசெய்து, சந்தேகத்துக்குரிய தொடரைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு ஆய்வு நிறுவனமான கார்ட்னரின் ஆன்டன் சுவாக்கின் 2013இல் ஒரு பெயர் சூட்டினார். அது இன்று ஈடிஆர் என்று சுருங்கி வழங்குகிறது. கன்சோல் நிறுவனத்தின் அறையிலிருந்து கிளவுடுக்குப் போனது. தாய் சர்வரும் சைலிங்க் கோப்பும் பல இடங்களில் பழங்கதையாயின. சைமன்டெக்கின் நிறுவனப் பிரிவை 2019இல் பிராட்காம் 1,070 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தியாவில் அரசின் கை 2004இல் இணையப் பாதுகாப்புக்கான சர்ட்-இன் அமைப்போடு நுழைந்தது. 2019 செப்டம்பர் தொடக்கத்தில் அது தந்த எச்சரிக்கையின் பேரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஆய்வு நடந்தது. நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினியில் தொற்று தெரியவந்தது. டிட்ராக் என்ற அந்தத் தீநிரலின் சுவடுகள் அக்டோபர் இறுதியில் வெளியே கசிய, முதல் நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலும் வந்தன. உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் தனித்து இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. 2022 ஏப்ரலில் சர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அட்மினின் லாக் கோப்பு அதோடு சட்ட ஆவணமாயிற்று.

2017இல் வானாக்ரை, நாட்பெட்யா ஆகிய தீநிரல்கள் வந்து போன பிறகு நிறுவனங்கள் ஈடிஆரை நோக்கிக் கூட்டமாக நகர்ந்தன. ஈடிஆர் விற்றவர்களில் முன்னணியில் நின்ற கிரவுட்ஸ்ட்ரைக்கை 2011இல் நிறுவியவர்களில் ஒருவர் ஜார்ஜ் கர்ட்ஸ். 2010 மெக்காஃபி விபத்தின்போது அங்கே தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவரும் அவரே.

2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் 291ஆம் எண் சானல் கோப்பின் புதிய பதிப்பை வெளியிட்டது. கெர்னலில் அமர்ந்திருந்த அதன் டிரைவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; டிரைவருக்குக் கிடைத்தவை 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் டிரைவர் விழ, அதோடு விண்டோஸும் விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பு திரும்பப் பெறப்பட்டாலும், அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. விண்டோஸ் கணினிகளில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அவை விமான நிறுவனங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் முறை எளிது: சேஃப் மோடில் தொடங்கி அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க மீட்பு எண்ணை அடிக்க வேண்டும். அந்த எண்களைச் சேமித்திருந்த சர்வரும் சில இடங்களில் நீலத்திரையில் கிடந்தது.

இதில் அட்மின்களைப் புண்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. 2010இன் பாடத்தை மறக்காத பலர், கணினியில் இயங்கும் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளான சென்சாரின் புதிய பதிப்பை உடனே ஏற்காமல் ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும்படி கன்சோலில் அமைத்திருந்தார்கள். அந்த அமைப்பு சென்சார் பதிப்புக்கு மட்டுமே பொருந்தியது. சானல் கோப்புகள் அதைத் தாண்டி எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் இறங்கின. எச்சரிக்கையாக இருந்தவரும் இல்லாதவரும் ஒன்றாகவே விழுந்தார்கள்.

அதன் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக் சானல் கோப்புகளையும் படிப்படியாக வெளியிடத் தொடங்கி, எந்தக் குழுவுக்கு எப்போது போக வேண்டும் என்று தேர்வுசெய்யும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தந்தது. ஆப்பிள் 2019இலேயே பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே நகர்த்தும் வழியைத் திறந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் பாதுகாப்பு நிறுவனங்களைத் தன் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டில் கூட்டிப் பேசி, கெர்னலுக்கு வெளியிலிருந்தே அவை இயங்குவதற்கான தளத்தை உருவாக்குவதாக நவம்பரில் அறிவித்தது. அப்டேட்டைத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் புதிய தாக்குதலுக்குத் திறந்திருக்கும் நேரம் என்பது மாறவில்லை. பல நிறுவனங்களில் இன்று ஐடி பிரிவின் கணினிகளுக்கு உடனடியாகவும், பொது ஊழியர்களுக்குச் சில மணி நேரம் கழித்தும், முக்கிய சர்வர்களுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியாகவும் அப்டேட் போகும்படி கன்சோலில் குழுக்கள் பிரிக்கப்படுகின்றன.